போத்து: காகிதப்பூ வந்த வழி

ஓரறிவு உயிர்களின் இளமைப் பெயர்களாகப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் நான்கையும் கொள்ளலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். நெல்லும் புல்லும் இப்பெயர்களைப் பெறா என்று அடுத்த நூற்பா விலக்கும் கூறுகிறது. நெல்லைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இந்த விலக்கைப் பாடம் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. இந்நான்கனுள் குழவி இன்று செடிகொடிகளுக்கு வழங்குவதில்லை. மற்ற மூன்றும் தாமிரபரணிக் கரையில் உயிரோடு இருக்கின்றன. தென்னம்பிள்ளை என்கிறோம், வாழைக்கன்று, மாங்கன்று என்கிறோம், முருங்கைப் போத்து, பூவரசம் போத்து என்கிறோம்.

இளஞ்செடி என்ற பொதுப் பொருளில் இலக்கணத்தில் நின்ற போத்து, மக்கள் வழக்கில் ஒரு தனிப்பொருளைப் பெற்றுவிட்டது. தாய்மரத்திலிருந்து வெட்டி நடப்படும் கிளையே இன்று போத்து. விதையில் பிறந்தது கன்று. கிளையில் பிறந்தது போத்து. பிறப்பு முறைக்கு ஒரு தனிச்சொல் வேண்டும் என்று உழவர்க்குத் தோன்றியிருக்கிறது. தாவரவியலார் பின்னாளில் பாலினப் பெருக்கம், பாலிலாப் பெருக்கம் என்று பிரித்ததைத்தான் ஒரு முருங்கைக் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு நம் மூதாதையர் பிரித்திருக்கின்றனர்.

போத்தினால் மட்டுமே நம் ஊருக்கு வந்து, போத்தினால் மட்டுமே தெருத்தெருவாகப் பரவிய ஒரு செடியைப் பற்றியது இக்கட்டுரை. ஏட்டில் அதன் பெயர் போகன்வில்லா. நாம் அழைப்பது காகிதப்பூ.

பெயரிடப்பட்டவரும் பெயரற்றவரும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் காகிதப்பூ இல்லை. இருக்கவும் வழியில்லை. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பிரேசில், பெரு முதலிய நாடுகள். ஐரோப்பியத் தாவரவியலின் கண்ணில் அது பட்டது 1767-இல், ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில்.

பிரெஞ்சு அரசின் சார்பில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட லூயி அந்துவான் தெ பூகன்வில் என்பாரின் இரு கப்பல்கள் அவ்வாண்டு அங்கே நின்றிருந்தன. 1766 முதல் 1769 வரை நீண்ட அப்பயணத்தில் இயற்கை ஆய்வாளராகச் சென்றவர் பிலிபேர் கொம்மேர்சோன். அவர் தம் நண்பரான தலைவரின் பெயரைச் செடிக்குச் சூட்ட விரும்பினார். அந்துவான் லொரான் தெ ழுஸ்யூ 1789-இல் வெளியிட்ட நூலில் அப்பெயர் அச்சேறியது. அப்போதைய எழுத்துக்கூட்டல் சற்று வேறு. இன்றுள்ள வடிவம் 1930-களில்தான் நிலைபெற்றது.

கொம்மேர்சோனுக்கு உதவியாளராக ஓர் இளைஞர் உடன் சென்றார். பாரமான செடி அழுத்தும் சட்டங்களையும் உணவையும் சுமந்துகொண்டு மலையேறிய அவர் உண்மையில் ஆணல்லர். பர்கண்டிப் பகுதியில் 1740-இல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்த ழான் பாரே என்னும் பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறக்கூடாது என்பது சட்டம். ஆகவே ஆணுடை தரித்துச் சென்றார். 1768-இல் டஹீட்டித் தீவில் உண்மை வெளிப்பட்டதாகப் பூகன்வில் எழுதியிருக்கிறார். கொம்மேர்சோனுக்குக் காலில் ஆறாப் புண் இருந்தது. அதிகம் நடக்க இயலாது. எனவே ரியோவில் காகிதப்பூக் கிளையை முதலில் ஒடித்த கை பாரேயின் கையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். உறுதிச் சான்று இல்லாவிடினும், செடி திரட்டும் கடும்பணியில் பெரும்பங்கு அவருடையது என்பதில் ஐயமில்லை.

கொம்மேர்சோன் 1773-இல் மொரீசியசில் இறந்தார். பாரே அங்கேயே ஒரு படைவீரரை 1774-இல் மணந்து, பின்னர் பிரான்சு திரும்பினார். அத்திரும்புதலோடு அவருடைய உலகச் சுற்று நிறைவுற்றது. உலகைச் சுற்றிவந்த முதற்பெண் என இன்று அறியப்படுபவர் அவரே. 1785-இல் கடற்படை அமைச்சகம் அவருக்கு ஆண்டுக்கு 200 லீவ்ர் உதவித்தொகை அளித்தது. 1807-இல் மறைந்தார். கொம்மேர்சோன் ஒரு செடியினத்துக்கு அவர் பெயரைச் சூட்ட எண்ணியிருந்தார், அது நிலைக்கவில்லை. 2012-இல்தான் தென் அமெரிக்கக் கத்தரி இனமொன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. தலைவரின் பெயர் உலகத்துச் சுவர்களில் எல்லாம் பூத்துக்கொண்டிருக்க, செடி சுமந்தவரின் பெயர் ஒரு காட்டுக் கத்தரியில் நிற்பதற்கு இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

இவ்வரலாற்றின் ஒரு கிளை தமிழ்நாட்டையும் தொடுகிறது. மொரீசியசில் கொம்மேர்சோனிடம் தாவரவியல் பயின்ற பியர் சொன்னரா பின்னர் புதுச்சேரிக்கு வந்தவர். 1782-இல் வெளியான அவருடைய பயண நூல் தமிழ்நாட்டு வாழ்க்கையைப் படங்களோடு ஐரோப்பாவுக்குக் காட்டிற்று. நம் மலைகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியற் பெயரில் அவர் இருக்கிறார்.

உலர்ந்த கிளையும் உயிர்க்கிளையும்

கொம்மேர்சோனின் பெட்டிகள் பாரிசு சென்றன. அவற்றில் இருந்தவை தாளில் ஒட்டுதற்குரிய உலர்ந்த கிளைகள். பெயர் வைக்க அவை போதும், வளர்க்கப் போதா. உயிர்ச்செடி கடல் கடப்பது வேறு கதை. உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் கப்பலில் செடிகளைக் கொன்றன. 1830-களில் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு உருவாக்கிய கண்ணாடிப் பெட்டி இந்நிலையை மாற்றியது. மூடிய பெட்டிக்குள் செடி விடும் ஈரமே மீண்டும் அதற்கு நீராயிற்று. தேயிலை, சின்கோனா, ரப்பர் முதலியவை கண்டம்விட்டுக் கண்டம் போனதில் இப்பெட்டிக்குப் பெரும்பங்குண்டு.

காகிதப்பூ ஐரோப்பாவிலிருந்து கல்கத்தாவுக்கு 1860 வாக்கில் வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. அங்கு வில்லியம் கேரி 1820-இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் அத்தகைய சங்கம் 1835-இல் தோன்றியது. இத்தகைய சங்கத் தோட்டங்களும் ஆட்சியாளர் பங்களாக்களும் சமய நிறுவன வளாகங்களும் அயல்நாட்டு அலங்காரச் செடிகளுக்கு முதல் தங்குமிடங்கள். பாளையங்கோட்டையின் பழைய சுற்றுச்சுவர்களில் முறுக்கேறிய அடிமரத்தோடு நிற்கும் காகிதப்பூக்களைப் பார்ப்பவர்க்கு, ஆற்றுக்கு அக்கரையிலிருந்துதான் அது டவுணுக்குள் வந்திருக்க வேண்டும் என்றே தோன்றும்.

இந்த வரலாற்றில் இன்னொரு பெண்ணும் வருகிறார். 1910 வாக்கில் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரத் தோட்டமொன்றில் செம்பவள நிறக் காகிதப்பூவைக் கண்ட திருமதி பட் என்பவர் அதைத் திரினிடாடுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து உலகெங்கும் சென்ற அவ்வகைக்கு 'மிசஸ் பட்' என்றே பெயர். அது இயற்கைக் கலப்பினம் என்பதைத் தாவரவியலார் உணர்ந்து 1944-இல் அவர் பெயரையே அக்கலப்பினத்துக்கு இட்டனர். இன்று நாம் காணும் சிவப்பு, செம்மஞ்சள் வகைகள் பலவற்றின் மூதாய் அதுவே.

பூவல்லாத பூ

காகிதப்பூவை நம் மரபு ஏற்கத் தயங்கியதன் காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. மணமில்லை, தொட்டால் தாள்போல் சரசரக்கும். தமிழில் பூ என்றால் முதலில் மணம். பிச்சிக்கும் மரிக்கொழுந்துக்கும் உள்ள இடம் இதற்குக் கோயிலிலும் இல்லை, கூந்தலிலும் இல்லை. பகட்டான பொய்ம்மைக்கு உவமையாகவே இது மேடைகளில் பயன்பட்டு வருகிறது.

ஆனால் வண்ணத்தோடு தெரிபவை பூவிதழ்கள் அல்ல, நிறமேறிய இலைகள். மும்மூன்றாய் நிற்கும் அப்பூவடிச் செதில்களின் நடுவே உள்ள சிறிய வெண்குழல்களே உண்மைப் பூக்கள். அச்செதில்களின் நிறமும் ரோசாவின் நிறத்தோடு தொடர்பற்றது. பீட்ரூட்டுக்கும் செந்தண்டுக் கீரைக்கும் நிறம் தரும் பீட்டாலைன் வகைப் பொருளே இதற்கும் நிறம் தருகிறது. குடும்பத்தைத் தேடினால் வியப்பு மிகும். அந்திமந்தாரை இதன் உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ஆயினும் அதை அயலாகக் கருதுவார் இன்று எவருமில்லை. வாய்க்கால் கரையிலும் தரிசிலும் படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டையும் இதே குடும்பம்தான். நம் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த மூலிகை அது. ஆக, அயலான் என்று நாம் ஒதுக்கிய செடிக்கு இம்மண்ணில் முன்பே ஒரு பங்காளி இருந்திருக்கிறான்.

குச்சி நடும் கலை

நம் ஊரில் காணும் காகிதப்பூ வகைகள் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. ஆகவே ஒடித்து நடுவதே வழி. டவுணின் வளவு வீடுகளில் இதற்கு இலக்கணம் எழுதப்படவில்லை, வாய்ச்சொல்லே வழி. "மதினி, இதுல ஒரு கம்பு ஒடிச்சிக்கிடட்டுமா?" என்று கேட்டு வாங்கிச் செல்வர். கேளாமல் ஒடித்துச் சென்றால்தான் நன்றாகத் துளிர்க்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அந்நம்பிக்கையைக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு.

செய்முறை எளிது, பொறுமைதான் அரிது. நுனித்தளிர் அழுகிவிடும், முற்றி வைரம் பாய்ந்த கட்டையில் வேர் மெல்லவே வரும். பூத்து ஓய்ந்த, பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையே தக்கது. ஒரு சாண் நீளத்துக்கு, நான்கைந்து கணுக்கள் இருக்குமாறு வெட்ட வேண்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டுவது வழக்கம். சாய்வெட்டு வேர்விடும் பரப்பைச் சற்றுக் கூட்டும் என்பதோடு, தலை எது, அடி எது என்று மாறாமலிருக்கவும் உதவும். தலைகீழாக நட்ட குச்சி பிழைப்பது அரிது. இலைகளைக் களைந்துவிட வேண்டும். வேரில்லாத குச்சிக்கு இலை நீரை இழக்கும் வாயில்.

ஆற்றுமணலோடு மட்கிய தென்னைநார்க் கழிவோ சிறிது செம்மண்ணோ கலந்த, நீர் தேங்காத கலவையில் இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு ஊன்றி, நிழலில் வைத்து, ஒரு பாலித்தீன் உறையால் மூடிவிடலாம். வார்டின் கண்ணாடிப் பெட்டி செய்த வேலையை இந்த உறை செய்கிறது. முருங்கைப் போத்தின் தலையில் சாணி அப்புவது நம் உழவர் வழக்கம். மேல்வெட்டின் வழியே குச்சி உலராமல் அது காக்கிறது. இதையும் காகிதப்பூவுக்குச் செய்வோர் உண்டு.

குச்சியில் வேர் எவ்வாறு வருகிறது என்பதை அறிவியல் தெளிந்தது கடந்த நூற்றாண்டில். செடியின் நுனியில் சுரக்கும் ஒரு பொருளே வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பதை டச்சு அறிஞர் பிரிட்சு வென்ட் 1928-இல் மெய்ப்பித்தார். ஆக்சின் எனப்படும் அப்பொருள் நுனியிலிருந்து கீழ்நோக்கி நகர்வது. கிளையை வெட்டியபின் போக வழியின்றி அடிவெட்டில் தேங்கி, அங்குள்ள உயிரணுக்களை வேராக மாறத் தூண்டுகிறது. 1935 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டோல் பியூட்ரிக் அமிலம் இப்பணியை இன்னும் நன்கு செய்வதைக் கண்டனர். இன்று நர்சரிகளில் விற்கும் வேர்த்தூள் அதுதான். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரையிலான கரைசலில் அடியைச் சில நொடி நனைத்து நட்டால் வேர் விரைந்தும் மிகுந்தும் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நட்ட சில வாரத்தில் இலை துளிர்த்துவிடும். அதைக் கண்டு வேர் பிடித்ததாக எண்ணக்கூடாது. குச்சியில் சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்தே அத்துளிர் வருகிறது. ஆறு முதல் பத்து வாரம் வரை அசைக்காமல் விடுவதே நலம். இரண்டாவது, வேர் நூல்போல் மெல்லியது; தொட்டால் ஒடியும். தொட்டி மாற்றும்போது மண்கட்டி உடையாமல் மாற்ற வேண்டும். நம் ஊருக்குக் காலமும் முக்கியம். ஆனி, ஆடியில் மேற்கே குற்றாலத்தில் சாரல் விழும்போது டவுணில் வீசுவது பெரும்பாலும் வறண்ட காற்று. குச்சியை அது உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தின் ஈரக்காற்றே உகந்தது. தொட்டியில் நீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எளிதில் வேர்விடாத அடுக்கு வகைகளுக்கு விண்பதியமும், ஒரே செடியில் பல நிறம் வேண்டுவோர்க்கு மொட்டுக் கட்டுதலும் உண்டு.

செடி வேர்பிடித்தபின் நிலைமை தலைகீழாகும். அளவுக்கு மீறி நீரூற்றினால் இலையும் முள்ளும்தான் மிகும். நீரைக் குறைத்து வெயிலில் வாட்டினால் பூக்கும். நெல்லையின் சித்திரை வெயில் இதற்குத் தண்டனை அன்று, விருந்து.

ஒரே உடல்

போத்தில் பிறந்த செடி தாயின் பிள்ளை அன்று, தாயே. மரபணுவில் வேறுபாடில்லை. கார்த்தஹேனாவில் கண்டெடுத்த அந்தச் செடியும், அதன் வழியில் குச்சி குச்சியாக வந்து ஏதோ ஒரு மச்சின் விளிம்பில் இன்று சாய்ந்திருக்கும் செடியும் ஒரே உயிர் எனலாம். நூறாண்டுக்கு மேலாக அது சாகவில்லை. இடம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

தாமிரபரணிச் சமவெளிக்கு இது புதிதன்று. ஆற்றின் இருகரையிலும் உள்ள வாழை, பக்கக்கன்றால் பெருகுவது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவது இதனையே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும் கொடித்துண்டால் வழிவழி வருவது. நெல்லையப்பர் கோயிலின் தலமரமான மூங்கிலும் பல பத்தாண்டுக்கு ஒருமுறையே பூக்கும். இடைக்காலமெல்லாம் மண்ணடித் தண்டினாலேயே பரவும். வேணுவனம் என்ற பழம்பெயரே ஒரு பாலிலாப் பெருக்கத்தின் பெயர்தான். முருங்கையில் மட்டும் திருப்பம் நேர்ந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை 1989-இல் வந்தபின், போத்து நட்ட தோட்டங்கள் பல விதைக்கு மாறின.

ஒரே உடலாக இருப்பதில் ஆபத்துண்டு. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். கடந்த நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிசேல் என்னும் வாழைவகை பனாமா வாடல்நோயால் வணிகத்திலிருந்தே மறைந்தது. இன்னொரு ஆபத்து, மறதி. விதை சில காலம் காத்திருக்கும், போத்து காத்திராது. ஒடித்து நட ஒரு கை இல்லையேல் அவ்வகை அத்தலைமுறையோடு முடிந்தது.

பாடபேதம்

சுவடிகளை அறிந்தவர்க்கு இந்நிலை பழகியதே. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகள். பழுதாகுமுன் யாரேனும் பெயர்த்தெழுதினால் நூல் வாழும். பெயர்த்தெழுதுதலும் ஒருவகைப் போத்து நடுதல்தான். 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தற்கு ஏடு தேடி இப்பக்கத்துக் கவிராயர் வீடுகளுக்கெல்லாம் வந்து சென்றதை நாமறிவோம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே சில பெயர்கள் அவருக்குக் கிடைத்த ஏடுகளில் உதிர்ந்திருந்தன. அவை தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அகப்பட்டன. ஓரிடத்தில் பட்டது இன்னோரிடத்தில் துளிர்த்திருந்ததால் அப்பூக்கள் பிழைத்தன.

பெயர்த்தெழுதும்போது பாடபேதம் தோன்றுவதுபோல் போத்திலும் தோன்றுகிறது. ஒரு கிளையின் ஒரு மொட்டில் மட்டும் மரபு திடீரென்று மாறும். 1949-இல் கல்கத்தாச் சங்கத் தோட்டத்தில் 'மிசஸ் பட்' செடியின் ஒரு கிளையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்தன. அக்கிளையை ஒடித்து வளர்த்ததே 'மேரி பாமர்'. அதிலிருந்து பின்னர் இலையிலும் இருநிறம் காட்டும் 'திம்மா' தோன்றியது. இத்தகைய வேறுபாடுகளைப் பதிவு செய்யும் உலகப் பொறுப்பு 1966 முதல் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. கோதுமை ஆய்வில் புகழ்பெற்ற பி.பி.பால், காகிதப்பூவிலும் புதுவகைகள் கண்டவர். அயல்மண்ணின் செடிக்குப் பெயர்ப்பதிவேடு இந்தியாவில் இருக்கிறது என்பது வந்தவன் வீட்டுக்காரனான கதை.

ஆயினும் அப்பதிவேட்டில் ஏறாத வகைகளும் செடிகளும் எத்தனையோ. டவுணின் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் தார்சாவும் பட்டாசலுமாக இருந்த பழைய வீடுகள் இடிபட்டு வணிக வளாகங்கள் எழுகின்றன. கதவும் தூணும் உத்திரமும் விலைபோகின்றன, வாங்க ஆளிருக்கிறது. வாசற்படியோரம் ஐம்பது ஆண்டாக நின்ற காகிதப்பூவுக்கு விலையில்லை. வேரோடு பெயர்த்துக் குப்பை வண்டியில் ஏற்றப்படுகிறது. நாற்கரச் சாலையின் நடுத்திட்டில் அரளியோடு வரிசையாக நட்ட காகிதப்பூ மிகுந்திருக்கும் இக்காலத்தில் இதற்கென்ன வருத்தம் என்று கேட்கலாம். நர்சரியில் மொத்தமாக வளர்த்த சில வகைகளே சாலையில் நிற்கின்றன. ஒரு வீட்டின் வெளிறிய ஆரஞ்சு நிறத்தை, இன்னொரு வீட்டின் ஒழுங்கற்ற வெண்மையை அங்கே காண முடியாது. யார் எவரிடம் வாங்கி வைத்தது என்ற உறவுக்கதையும் அதில் இல்லை.

பாரே முதல் பட் வரை, அங்கிருந்து பெயர் தெரியாத நம் அத்தைமார், மதினிமார் வரை இச்செடியைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இடம் கேளாதவர்கள். அவர்களுக்குச் செய்யத்தக்க மரியாதை பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தெருவில் ஒரு பழைய வீடு இடிபடப் போகிறது என்று தெரிந்தால், கடப்பாரைக்கு ஒருநாள் முன்னதாகச் சென்று, வீட்டாரிடம் கேட்டு, பாதி முற்றிய கிளையாகப் பார்த்து ஒரு சாண் ஒடித்து வாருங்கள். நான்கு குச்சி நட்டால் ஒன்றாவது பிழைக்கும். பிழைத்ததில் ஒன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.